தரை டிக்கெட்டுக்குப் பயந்த சட்டம்

வெள்ளித்திரையும் கத்தரிக்கோலும் – 17

கே.ஏ. அப்பாஸ் தன் குறும்படத்துக்காக உச்ச நீதிமன்றத்தின் படியேறிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1970 செப்டம்பரில் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா அமர்வு தீர்ப்புச் சொன்னது. படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியல் சட்டத்துக்கு முரணானதல்ல என்றது. புத்தகம், நாடகம், ஓவியம் எதையும்விட சினிமா மனத்தை ஆழமாகக் கிளறிவிடும், ஆகவே அதற்குத் தனிக் காவல் தேவை என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

யாருடைய மனத்தை? தீர்ப்பு குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் குறிப்பாகச் சொன்னது. ஆனால் தணிக்கைச் சட்டம் பிறந்த காலத்திலிருந்தே வேறொரு ஆளும் அதிகாரிகளின் மனத்தில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர், கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கித் திரைக்குக் கீழே உட்காருகிறவர். அவரைத் தேடி இந்த வாரம் சென்னைக் கடற்கரைக்குப் போவோம்.

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது நொச்சிக்குப்பம். ஒரு பக்கம் லூப் ரோடும் மீன் வியாபாரமும் மணலில் ஏற்றிவைத்த ஃபைபர் படகுகளும். மறுபக்கம் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிகள். வடக்கே கடற்கரையோரமாகவே நடந்தால் நடுக்குப்பம், அயோத்தியாகுப்பம். மேற்கே சாலையைத் தாண்டினால் மயிலாப்பூர். கபாலி, காமதேனு என்று அங்கே தியேட்டர்கள் இருந்தன, இன்று இரண்டும் இல்லை.

சென்சார் அலுவலகம் இருப்பது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில், சாஸ்திரி பவனில். நொச்சிக்குப்பத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் நூறாண்டுக்கு மேலாக அந்தக் கத்தரிக்கோல் யாரை நினைத்து நகர்ந்ததோ, அந்த ஆள் இங்கேதான் குடியிருக்கிறார்.

போலீஸ் கமிஷனர் பார்த்த படம்

இந்தத் தொடரின் தொடக்க அத்தியாயங்களில் 1918ஆம் ஆண்டு சினிமட்டோகிராஃப் சட்டத்தைப் பார்த்தோம். அந்தச் சட்டத்தின்படி 1920இல் சென்னைக்கு ஒரு தணிக்கைக் குழு வந்தது. அதன் தலைவர் நகரப் போலீஸ் கமிஷனர். கலையைப் பற்றித் தெரிந்த ஒருவரை வெள்ளை அரசு தேடவில்லை. அதற்கு வேண்டியிருந்தது கூட்டத்தைப் பற்றித் தெரிந்த ஒருவர்.

அன்றைய அச்சம் இரண்டு. ஹாலிவுட் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் முத்தமிடுவதையும் ஆண்கள் திருடுவதையும் பார்த்தால் துரைமார் மீது இருக்கும் மரியாதை போய்விடும் என்பது முதலாவது. படிப்பறிவில்லாத கூட்டம் திரையில் பார்ப்பதை அப்படியே நம்பித் தெருவில் இறங்கிவிடும் என்பது இரண்டாவது. இந்த அச்சங்களை ஆராய 1927இல் ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடெங்கும் சுற்றி 353 சாட்சிகளை விசாரித்தது அந்தக் குழு. கொட்டகை முதலாளிகள், அதிகாரிகள், ஆசிரியர்கள், பிரமுகர்கள் என்று பலர் தரை டிக்கெட்காரரின் மனம் எப்படி வேலை செய்யும் என்று விளக்கினார்கள். அவர் சார்பில் அவரே பேசும் வழக்கம் அன்று தொடங்கவில்லை. பிறகும் வரவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் சென்னைக் கடற்கரைக்கும் வந்தது. பிரகாசமும் நாகேஸ்வர ராவும் தலைமை தாங்கினார்கள். அதன் பிறகு தணிக்கை அதிகாரிகளின் கவனம் முத்தத்தைவிட்டுக் கதர்க் குல்லாய்க்கும் ராட்டைக்கும் காந்தி படத்துக்கும் திரும்பியது. புராணப் படத்திலேயே தேசியத்தை ஒளித்துவைக்கத் தமிழ்ப் படக்காரர்கள் கற்றுக்கொண்டது அந்தப் பத்தாண்டில்தான். தணிக்கை ஒரு படைப்பாளிக்குச் செய்கிற முதல் காரியம் இது. எதைச் சொல்லக்கூடாது என்பதோடு, எப்படி மறைத்துச் சொல்வது என்பதையும் அவனுக்குப் பழக்கிவிடுகிறது.

சாவடிக் குப்பத்துச் சாஸ்திரி

1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்ததும் பிடி தளர்ந்தது. அந்த இடைவெளியில் பிறந்த படம் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி'. கதை கல்கியுடையது. படமெடுக்கும்போதே ஆனந்த விகடனில் தொடர்கதையாக, படக்காட்சிகளோடு வெளிவந்தது. 1939 மே 20 அன்று படம் திரைக்கு வந்தது. மயிலாப்பூர்க்காரரான பாபநாசம் சிவன் பாட்டெழுதியதோடு, சம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்தார்.

புயலில் வீடிழந்த சேரி மக்களுக்கு இடம் கொடுத்ததற்காகக் கிராமத்து அக்கிரகாரத்தால் ஒதுக்கப்படும் சம்பு சாஸ்திரி சென்னைக்கு வருகிறார். கல்கியின் கதையில் அவருக்கு அடைக்கலம் தரும் இடத்தின் பெயர் சாவடிக் குப்பம். சாஸ்திரி அங்கே தங்கி, பஜனையும் மதுவிலக்குமாக அந்த மக்களோடு ஒன்றிவிடுகிறார். தமிழ் சினிமாவின் தொடக்க காலத்தில், நகரத்துக் குப்பம் ஒரு நல்ல மனிதருக்குப் புகலிடமாக வந்த கதை இது.

அதே ஆண்டு போர் மூண்டது. அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. ஆளுநர் ஆட்சி வந்ததும் சுதந்திரப் போராட்டத்துக்கு ஆதரவான பிரசாரம் என்று படத்தைத் தடை செய்தார்கள். தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் மவுண்ட் ரோடு கெயிட்டி தியேட்டரில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள் என்றும், திரண்டுவந்த கூட்டத்தைப் போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது என்றும் சினிமா வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். படம் பார்த்தவர்கள் கலகம் செய்ததாகச் செய்தி இல்லை. படத்தை நிறுத்த வந்தவர்களிடம்தான் தடி இருந்தது.

பேய்க்கு ஏ, சூரியனுக்குக் கத்தரி

சுதந்திரம் வந்தது, சட்டம் போகவில்லை. 1949இல் செய்த திருத்தத்தால் படங்கள் இரண்டாகப் பிரிந்தன. எல்லோரும் பார்க்க 'யு', பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்க 'ஏ'. தமிழில் முதலில் 'ஏ' வாங்கிய படம் 1951இல் வந்த 'மர்மயோகி'. காரணம் ஆபாசமல்ல, பேய். அதுவும் நிஜப் பேயல்ல. செத்துவிட்டதாக ஊர் நம்பிய ராஜா பேய் வேடத்தில் உலவுகிறார். படத்தின் நாயகன் எம்.ஜி.ஆர்.! அவருடைய வாள்வீச்சைப் பார்க்கத் துடித்த சிறுவர்கள், இல்லாத ஒரு பேயின் பெயரால் கொட்டகை வாசலில் நிறுத்தப்பட வேண்டியவர்களானார்கள்.

அடுத்த ஆண்டே 1952ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இன்றுவரை நம்மை ஆள்வது அதுதான். அதே ஆண்டு அக்டோபர் 17இல் வெளியான 'பராசக்தி'யால் எழுந்த புயலை முன்பே ஓர் அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம்.

அறுபதுகளில் ஆட்சியாளர்களின் அச்சம் இடம் மாறியது. தி.மு.க.வின் சின்னம் உதயசூரியன். எம்.ஜி.ஆர். அந்தக் கட்சியின் முகம். 1966 பொங்கலுக்கு வந்த ஏவி.எம்.மின் 'அன்பே வா'வில் வாலி எழுதிய ஒரு பாட்டில் 'உதய' என்று வந்த சொல்லைத் தணிக்கைக்காக 'புதிய' என்று மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டின் 'பெற்றால்தான் பிள்ளையா' பாட்டில் அறிஞர் அண்ணாவின் பெயர் இருந்த இடத்துக்குத் திரு.வி.க. வந்தார். காதுக்குப் 'புதிய' கேட்டது, உதட்டசைவு 'உதய' என்றது. தரை டிக்கெட்காரர்கள் உதட்டையே படித்துக்கொண்டார்கள். வெட்டியவர்கள் எதை மறைக்க நினைத்தார்களோ, அதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டே ரசிகர்களுக்குக் கூடுதல் இன்பமானது. படிக்கத் தெரியாதவர்கள், சொன்னதை அப்படியே நம்புகிறவர்கள் என்று சட்டம் போட்ட கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

எம்.ஜி.ஆரின் 'படகோட்டி' 1964இல் வந்தது. மீனவர்களைச் சுரண்டும் பண்ணையாரை நாயகன் எதிர்க்கும் கதை. 1977இல் அவர் முதலமைச்சரான பிறகு வெளியானது ஸ்ரீதரின் 'மீனவ நண்பன்'. கடற்கரைக் குப்பங்களில் அவருக்கு இருந்த செல்வாக்கில் இந்தப் படங்களுக்குப் பங்குண்டு. எட்டாண்டு கழித்து, 1985இன் இறுதியில், அவருடைய ஆட்சியில்தான் மெரினாவை அழகுபடுத்தும் பெயரில் மணலிலிருந்த படகுகளையும் வலைகளையும் அகற்ற இறங்கினார்கள். குப்பங்கள் எதிர்த்து நின்றன. டிசம்பரில் போலீஸ் சுட்டது. மீனவர்கள் உயிரிழந்தார்கள்.

சினிமா பார்த்தால் குப்பம் கொந்தளிக்கும் என்று 1918இலிருந்து அஞ்சிய அரசாங்கங்களுக்கு இது ஒரு பாடம். குப்பம் கொந்தளித்தது உண்மை. கொந்தளிக்க வைத்தது படகும் வலையும் வாழ்விடமும். எந்த ரீலிலும் அதை வெட்டியெடுக்க முடியாது.

ஒரு 'யு'வுக்கு வந்த வழக்கு

1987இல் மீண்டும் சென்னை தணிக்கை வரலாற்றின் நடுவே வந்து நின்றது. படம், கே. ஜோதிபாண்டியன் இயக்கிய 'ஒரே ஒரு கிராமத்திலே'. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன். பிராமணப் பெண் ஒருத்தி வேறு சாதிச் சான்றிதழோடு ஐ.ஏ.எஸ். ஆவதும், உண்மை வெளிவந்து விசாரணைக்குள்ளாவதும் கதை. சாதியை அடிப்படையாகக் கொண்ட இடஒதுக்கீட்டை விமர்சிக்கும் படம் அது.

முதலில் பார்த்த குழு சான்றிதழ் மறுத்தது. மறுஆய்வுக் குழு பெரும்பான்மை முடிவில் 'யு' கொடுத்தது. எதிர்த்து வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அந்த 'யு'வை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் இந்தப் படத்தை ஓடவிட்டால் சட்டம் ஒழுங்கு கெடும் என்பது மாநில அரசின் வாதம். 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. ஒரு கருத்து நாலு பேருக்குப் பிடிக்கவில்லை, ஊர்வலம் போவார்கள், கல்லெறிவார்கள் என்பதற்காக அதைத் தடுக்க முடியாது, அப்படி மிரட்டுகிறவர்களிடமிருந்து பேச்சுரிமையைக் காப்பதே அரசின் கடமை என்றார்கள் நீதிபதிகள். ஒரு படத்துக்கும் அதனால் விளையும் என்று சொல்லப்படும் ஆபத்துக்கும் இடையிலான தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறி போல் உடனடியானதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல் அப்போது வந்ததுதான். எதற்கெடுத்தாலும் மனம் புண்படுகிறவரை வைத்து அளக்காதே, பகுத்தறிவும் நிதானமும் உள்ள சாதாரண மனிதரை வைத்து அள என்றும் தீர்ப்பு சொன்னது. அந்தப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

இடஒதுக்கீட்டால் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகள் உள்ள குப்பங்களில், இந்தப் படத்தின் வாதத்தை ஏற்பவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தீர்ப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான் ஒரு மரியாதை செய்தது. படம் பார்க்கிறவர் யோசிக்கத் தெரிந்தவர், பிடிக்காததைப் பார்த்துவிட்டும் வீடு திரும்பக்கூடியவர் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுதிவைத்தது.

தயாரிப்பாளர்கள் இந்தத் தீர்ப்பிலிருந்து கற்ற பாடம் வேறு. வென்ற ரங்கராஜனே ஒரு வருடத்துக்கு மேல் கோர்ட்டில் நின்றார். வட்டிக்குப் பணம் வாங்கி எடுக்கிற படத்துக்கு ஒரு வருடம் என்பது சாவு. அதனால் கோடம்பாக்கத்தில் சண்டை போடுகிறவர்கள் குறைவு, 'கட்' கொடுத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

சான்றிதழின் விலை

அடுத்து வந்த காலத்தில் கத்தரிக்கோலைவிடக் கூர்மையாக ஒன்று வந்தது, பணம். அதற்கு முன்பே, 1983இல், 'யு' 'ஏ' இரண்டுக்கும் நடுவே 'யு/ஏ' முளைத்திருந்தது. வாரியத்தின் பெயரும் தணிக்கை வாரியம் என்பதிலிருந்து சான்றிதழ் வாரியம் என்று மாறியிருந்தது. 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு மாநில அரசு கேளிக்கை வரி விலக்குக் கொடுத்தது. 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் 'யு' சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. இன்னொரு பக்கம், 'ஏ' படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே ஒளிபரப்ப முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்கினால்தான் சேனல்காரர் விலை பேசுவார்.

ஆக, 'ஏ' என்ற ஓர் எழுத்துக்கு வரி விலக்கும் போயிற்று, சாட்டிலைட் உரிமையும் ஆட்டம் கண்டது, குடும்பமாக வரும் கூட்டமும் குறைந்தது. இயக்குநர் கதை சொல்லும் அறையிலேயே தயாரிப்பாளர் "யு வந்துடும்ல?" என்று கேட்கத் தொடங்கினார். சாஸ்திரி பவனுக்குப் போகும் முன்னே படம் பாதி வெட்டுப்பட்டது இப்படித்தான்.

இதில் முதலில் அடிபட்டது குப்பத்தின் பேச்சு. 1958இல் 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷை பேசி ஊரையே சிரிக்க வைத்தார். சிரிப்புக்கு அந்தப் பேச்சு எப்போதும் அனுமதிக்கப்பட்டது. கோபத்துக்கும் துக்கத்துக்கும் அதே பேச்சை வைத்தபோதுதான் தொல்லை. மயிலாப்பூர் மாடிவீட்டில் ஒருவர் சாதிப் பெருமையோடு இன்னொருவரை நாகரிகமான தமிழில் அவமானப்படுத்தினால் அதற்குப் 'பீப்' கிடையாது. லூப் ரோட்டில் ஒருவர் நண்பனை அன்போடு கூப்பிடும் சொல்லுக்கு 'ம்யூட்' உண்டு. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. 1966இன் தந்திரம்தான். சூரியன் இருந்த இடத்தில் இப்போது குப்பத்துக்காரரின் நாக்கு.

மீனவர்கள் கேட்டது

2018 அக்டோபர் 17 அன்று வெளியானது வெற்றிமாறனின் 'வட சென்னை'. கெட்ட வார்த்தைகள், வன்முறை என்பதால் 'ஏ'. வளர்ச்சி என்ற பெயரில் கடற்கரையிலிருந்து மீனவக் குடியிருப்பை அகற்ற வரும் திட்டமும், அதை எதிர்க்கிறவர்களும் அதன் கதையின் அடிநாதம். மெரினாக் குப்பங்கள் 1985இல் பட்டதற்கு வெகு அருகில் நிற்கும் கதை. ஆனால் கடற்கரைக் குடும்பங்களின் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் சட்டப்படி அதைத் தியேட்டரில் பார்க்க முடியாது.

படம் வெளியான பிறகு எதிர்ப்பு வந்தது, மீனவர்களிடமிருந்தே. தங்கள் சமூகத்தையே ரௌடிகளாகக் காட்டியிருப்பதாகச் சொன்னார்கள். தங்களுக்குத் தொழிலும் தெய்வமுமான படகின் மேல் நெருக்கமான காட்சியை எடுத்தது புண்படுத்துவதாகச் சொன்னார்கள். வெற்றிமாறன் காணொளி வழியே வருத்தம் தெரிவித்தார். படகுக் காட்சி நீக்கப்பட்டது.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கருத்துச் சுதந்திரத்தின் பக்கம் நிற்கிறவர்கள், வெளியான படத்தில் எதிர்ப்புக்குப் பணிந்து வெட்டுவது 1989 தீர்ப்பின் உணர்வுக்கு எதிரானது என்பார்கள். அது நியாயமான கவலை. ஆனால் நூறாண்டுக் கதையைச் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. கடற்கரை மக்கள் எதைப் பார்த்தால் கெட்டுப்போவார்கள் என்று போலீஸ் கமிஷனரிலிருந்து ஆய்வுக் குழுவரை எல்லோரும் கணித்தார்கள். கெட்ட வார்த்தைகளை எண்ணினார்கள், ரத்தத்தை அளந்தார்கள். அந்த மக்களே வாய் திறந்தபோது சொன்ன குறை வேறு. தாங்கள் கெட்டுப்போவதாக அவர்கள் சொல்லவில்லை. தங்களைக் கெட்டவர்களாகக் காட்டுவதாகச் சொன்னார்கள். 1979இன் 'குப்பத்து ராஜா' முதல் 2019இல் அதே பெயரில் வந்த படம் வரை, குப்பம் என்றால் அடிதடி என்று பழகிப்போன தமிழ் சினிமாவுக்கான பதில் அது. எந்தச் சான்றிதழ் எழுத்தும் அதற்கு மருந்தாகாது.

2023இல் சட்டத்தைத் திருத்தி 'யு/ஏ'வை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றிய முடிவில் பெற்றோருக்குப் பங்கு கூடியிருப்பது முன்னேற்றம்தான். அதற்கு முன், 2021இல், இயக்குநர்கள் மேல்முறையீட்டுக்குப் போகும் தீர்ப்பாயத்தை மூடிவிட்டார்கள். இனி நேராக உயர் நீதிமன்றம்தான். ஒரு வாசல் திறந்து ஒரு வாசல் மூடிய கணக்கு.

1952 சட்டத்தில் ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கான தகுதி ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. படங்கள் பொதுமக்கள் மீது ஏற்படுத்தும் விளைவை மதிப்பிடத் தகுதியுள்ளவர்களாக மத்திய அரசு கருதுகிறவர்கள் இருக்க வேண்டும். பட்டம் வேண்டும் என்றோ பிரமுகராக இருக்க வேண்டும் என்றோ அந்த வாசகத்தில் இல்லை. லூப் ரோட்டில் மீன் விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தகுதி தாராளமாக உண்டு. அவரை அந்த இருட்டறையில் உட்காரவைத்தால், இயக்குநர்களுக்கு வரும் 'கட்' பட்டியல் சிறியதாகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதிலிருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது இன்றைய பட்டியலைவிடக் கடினமாக இருக்கும்.

அடுத்த வாரம் 2013க்குப் போகிறோம். வாரியம் சான்றிதழ் கொடுத்த பிறகும், மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டுத் தமிழ்நாட்டில் ஒரு படத்தை நிறுத்திவைத்தார்கள். 1989 தீர்ப்பு அப்போது எங்கே போயிற்று? 'விஸ்வரூபம்' பட்ட பாட்டில் தேடுவோம்.

(தொடரும்)